அமெரிக்காவில் ஆண்டின் நடுவே ஹெல்த் இன்ஷூரன்ஸ் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போனவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டி வந்தவர்கள் என்று நண்பர் வட்டத்தில் பலருக்கு இந்தப் படிவங்களை நிரப்ப உதவியிருக்கிறேன். நான் ஏஜென்ட் இல்லை, கமிஷனும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். சொல்லியிருப்பவை 2026ஆம் ஆண்டில் நடப்பிலுள்ள மத்திய அரசு விதிகள். மாநிலத்துக்கு மாநிலம் மாறுமிடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஸ்பெஷல் என்ரோல்மென்ட் என்றால் என்ன? வேண்டும்போது வாங்கினால் என்ன தப்பு?

2010இல் வந்த சட்டத்தின்படி, உங்களுக்கு சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது என்று சொல்லி எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் மறுக்க முடியாது. விலையை ஏற்றவும் முடியாது. அப்படியிருக்க, எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டால் எல்லாரும் நோய் வந்த பிறகுதான் வாங்குவோம். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுகிற கதைதான். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் 1 தொடங்கி, கதவு திறக்கும். அது ஓபன் என்ரோல்மென்ட். மற்ற மாதங்களில் வாழ்க்கையில் குறிப்பிட்ட சில மாற்றங்கள் நடந்தவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு கதவு திறக்கும். அதுதான் ஸ்பெஷல் என்ரோல்மென்ட்.

அது எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். மார்க்கெட்பிளேஸில், அதாவது தனியாகத் திட்டம் வாங்கும் அரசுத் தளமான ஹெல்த்கேர்.கவ் அல்லது உங்கள் மாநிலத்தின் சொந்தத் தளத்தில், பொதுவாக 60 நாள். கம்பெனி வழியாக வரும் திட்டத்தில் சட்டம் உறுதி தருவது 30 நாள்தான். "அறுபது நாள் இருக்கிறதே" என்று நண்பர் சொன்னதை நம்பிக் கம்பெனித் திட்டத்தில் கோட்டை விட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் நான். அந்தக் கதை கீழே வருகிறது.

வேலை போய்விட்டது. மார்ச் 31உடன் இன்ஷூரன்ஸ் முடிகிறது. நான் எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இன்றைக்கே. இன்ஷூரன்ஸ் முடியும் நாளுக்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகும் 60 நாள் உண்டு. ஆனால் வேலை போனவர்களுக்குப் புதுத் திட்டம் மாதத்தின் முதல் தேதியில்தான் தொடங்கும். மார்ச் மாதத்துக்குள் தேர்ந்தெடுத்துவிட்டால் ஏப்ரல் 1 முதல் பாதுகாப்பு. ஏப்ரல் 5ஆம் தேதி தேர்ந்தெடுத்தால் மே 1தான். ஐந்து நாள் தள்ளிப்போட்டதற்கு ஒரு மாதம் வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

முதலில் ஹெச்.ஆரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கவரேஜ் எந்தத் தேதியில் முடிகிறது?" சில கம்பெனிகளில் வேலையின் கடைசி நாளோடு முடியும், சிலவற்றில் அந்த மாதக் கடைசி வரை ஓடும். வாயால் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள். அந்த மின்னஞ்சலே பிறகு சான்றாகவும் உதவும்.

கணவன் மனைவி இருவரும் வேலையில் இருந்தால் மற்றவருடைய கம்பெனித் திட்டத்தில் சேர்வதுதான் பெரும்பாலும் மலிவு. அங்கே 30 நாள் கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

நானாகவே ராஜினாமா செய்தேன். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். வேலையை நீங்கள் விட்டீர்களா, அவர்கள் அனுப்பினார்களா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வேலையில் இருந்துகொண்டே "பிரீமியம் அதிகமாக இருக்கிறது" என்று இன்ஷூரன்ஸை மட்டும் நடுவில் விட்டால் கதவு திறக்காது. பிரீமியம் கட்டாமல் திட்டம் ரத்தானாலும் அப்படித்தான்.

கோப்ரா எடுப்பதா, மார்க்கெட்பிளேஸுக்கு மாறுவதா?

கோப்ரா என்பது பழைய கம்பெனித் திட்டத்தையே முழு விலை கொடுத்து, வேலை இழந்தவர்களுக்குப் பொதுவாக 18 மாதம் வரை, தொடர்வது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகளுக்கு இது கட்டாயம். உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 300 டாலர் பிடித்திருப்பார்கள்; கம்பெனி 1,500 போட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து 1,800. அதற்கு மேல் 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம் சேர்த்து 1,836 டாலர் உங்கள் தலையில். கடிதத்தைப் பிரித்ததும் பலருக்கு மயக்கம் வருவது இந்த இடத்தில்தான்.

அதற்காகக் கோப்ராவைக் குப்பையில் போட வேண்டாம். செப்டம்பரிலோ அக்டோபரிலோ வேலை போய், அந்த ஆண்டின் டிடக்டிபிளை (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) ஏற்கெனவே கட்டி முடித்திருந்தால், அறுவை சிகிச்சையோ பிரசவமோ வேறு முன்னால் நின்றால், டிசம்பர் வரை கோப்ராவில் இருந்துவிட்டு ஓபன் என்ரோல்மென்ட்டில் ஜனவரிக்கு மாறுவதுதான் கணக்குப்படி லாபமாக இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்து வைத்திருங்கள். கோப்ராவைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. தேர்ந்தெடுத்தால் பழைய கவரேஜ் முடிந்த நாளிலிருந்தே பின்தேதியிட்டுச் செல்லும். மேலே சொன்ன அந்த வெறும் ஏப்ரல் மாதத்தில் கால் முறிந்தால், அப்போது கோப்ராவை எடுத்து, அந்த மாதப் பிரீமியத்தைக் கட்டிப் பில்லைச் சமாளிக்கலாம். ஒன்றும் ஆகாவிட்டால் எடுக்கவே வேண்டாம்.

ஒரு பொறி உண்டு. பழைய வேலையின் கவரேஜ் முடிந்த 60 நாளைக்குள் கோப்ராவிலிருந்து மார்க்கெட்பிளேஸுக்கு மாறலாம். அது கடந்த பின் "கட்டுப்படியாகவில்லை" என்று நடுவில் கோப்ராவை நிறுத்தினால், நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதுதான். கோப்ராவின் காலம் முழுதாக முடிந்தாலோ, பழைய கம்பெனி கொடுத்துவந்த பங்கை நிறுத்தினாலோ மட்டும் மறுபடி கதவு திறக்கும்.

நான் எச்1பி. லே ஆஃப் ஆகிவிட்டேன். மார்க்கெட்பிளேஸில் வாங்க எனக்கு உரிமை உண்டா?

உண்டு. எச்1பி, எச்4, எல், எஃப்1 எல்லாமே சட்டபூர்வமாகத் தங்கியிருப்பவர்கள் என்ற கணக்கில் வரும். குழப்பம் வருவது எண்ணில். வேலை போனபின் விசா நிலைக்கு அதிகபட்சம் 60 நாள் கிரேஸ் காலம். அது வேலையின் கடைசி நாளிலிருந்து ஓடும், ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று சொல்லும் பதிவு) முன்னதாக முடிந்தால் அதோடு முடியும். இன்ஷூரன்ஸின் 60 நாள், கவரேஜ் முடிந்த நாளிலிருந்து ஓடும். மார்ச் 6 கடைசி நாள், கவரேஜ் மார்ச் 31 வரை என்றால் இரண்டு கணக்குக்கும் நடுவில் 25 நாள் இடைவெளி. காலண்டரில் இரண்டு நிறத்தில் குறித்து வையுங்கள்.

பிரீமியத்துக்கான வரிச் சலுகை, அதாவது வருமானத்தைப் பொறுத்துப் பிரீமியத்தில் அரசு ஏற்கும் பங்கு, வேறு விஷயம். வருமானத் தகுதி இருந்தால் எச்1பிக்காரர்களுக்கு 2026இல் அது கிடைக்கும். 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டப்படி 2027 ஜனவரி 1 முதல் கிடையாது. முழு விலை கொடுத்து வாங்கும் உரிமை மட்டும் தொடரும்.

குழந்தை பிறந்திருக்கிறது. எப்போது சேர்க்க வேண்டும்?

என் கதை இதுதான். எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மாமியார் வந்திருந்தார், புண்ணியதானம், தொட்டில், தூக்கமில்லாத ராத்திரிகள். சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும், மொத்தமாகச் சேர்த்துவிடலாம் என்று இருந்தேன். கார்டு வந்தது. கம்பெனித் தளத்தில் நுழைந்தால் அன்றைக்கு 33ஆம் நாள். ஹெச்.ஆரில் கெஞ்சிப் பார்த்தேன். "சிஸ்டம் ஏற்காது" என்று பதில். எங்கள் அதிர்ஷ்டம், மார்க்கெட்பிளேஸில் இன்னும் நாள் இருந்தது. அங்கே குழந்தைக்கு மட்டும் தனித் திட்டம் வாங்கினோம். ஒரே வீட்டில் இரண்டு கம்பெனி, இரண்டு டிடக்டிபிள், ஆண்டு முடியும்வரை இரண்டு பில்.

கம்பெனித் திட்டம் என்றால் 30 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் கூடுதலாகத் தரும், ஆனால் கேட்காமல் நம்ப வேண்டாம். மார்க்கெட்பிளேஸ் என்றால் 60 நாள். இரண்டிலும் கவரேஜ் பிறந்த நாளிலிருந்தே பின்தேதியிட்டுக் கிடைக்கும். மருத்துவமனைப் பில் அதில் அடங்கும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, எண்ணைப் பிறகு கொடுக்கலாம். பெயர் வைக்கும் சடங்கு பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ இருக்கட்டும், ஹெச்.ஆருக்கு மூன்றாம் நாளே எழுதிவிடுங்கள்.

கர்ப்பமாக இருப்பதே காரணமாகுமா?

ஹெல்த்கேர்.கவ் தளத்தைப் பயன்படுத்தும் டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் ஆகாது, பிறந்தால்தான் ஆகும். நியூயார்க், நியூஜெர்சி, மேரிலாந்து, கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் கர்ப்பமே போதும். கர்ப்பிணிகளுக்கு மெடிகெய்டின் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) வருமான வரம்பு தளர்வு என்பதையும், மெடிகெய்டுக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஆனால் அங்கே குடியேற்ற நிலைக்கு மாநிலத்துக்கு ஒரு விதி.

அப்பா அம்மா கிரீன் கார்டில் வருகிறார்கள். இருவருக்கும் 65 தாண்டிவிட்டது.

அடிக்கடி வரும் கேள்வியும் இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

வந்து இறங்கியதே காரணம். வெளிநாட்டிலிருந்து குடிவந்த நாள் முதல் 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸில் வாங்கலாம். ஊரில் அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் இருந்ததா என்று கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைதான் சான்று. "கொஞ்ச நாள் பார்க்கலாம், ஒத்துவந்தால் இருக்கட்டும்" என்று மூன்று மாதம் ஓட்டினால் கதவு மூடிவிடும்.

65 ஆனதால் மெடிகேர் (மூத்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இங்கே வேலை செய்து வரி கட்டாதவர்கள், கிரீன் கார்டில் தொடர்ந்து 5 ஆண்டு வசித்த பிறகுதான் பணம் கட்டி அதில் சேர முடியும். அதுவரை 65 தாண்டியவர்களும் மார்க்கெட்பிளேஸ் திட்டம் வாங்கலாம். ஐந்து ஆண்டு முடிந்ததும் மெடிகேரில் சேராமல் விட்டால் டாக்டர் செலவுகளுக்கான பார்ட் பி பிரீமியத்தில் ஒவ்வொரு 12 மாதத் தாமதத்துக்கும் 10 சதவீதம் அபராதம் ஏறும். அது ஆயுளுக்கும் கூடவே வரும்.

விலை: வயதில் மூத்தவர்களுக்கு, 21 வயதுக்காரர் கட்டுவதைப் போல மூன்று மடங்கு வரை வாங்கலாம் என்பது மத்திய விதி. நியூயார்க்கிலும் வெர்மான்ட்டிலும் வயதுக்கு ஏற்ற விலையே கிடையாது. எழுபது வயது அப்பாவும் இருபத்தைந்து வயது மகனும் ஒரே விலைதான். பெற்றோரை நியூஜெர்சி மகன் வீட்டில் வைப்பதா, நியூயார்க் மகள் வீட்டில் வைப்பதா என்ற குடும்பப் பஞ்சாயத்தில் இதையும் ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். ஆனால் முகவரி நிஜமாக இருக்க வேண்டும்.

சலுகை: வரிக் கணக்கில் பெற்றோரை நீங்கள் சார்ந்திருப்போராகக் காட்டினால் உங்கள் குடும்ப வருமானம்தான் கணக்கு. தனியாகக் கணக்குத் தாக்கல் செய்தால் அவர்கள் வருமானம். முன்பு, வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானமிருந்து, ஐந்து ஆண்டுக் காத்திருப்பால் மெடிகெய்ட் கிடைக்காத கிரீன் கார்டு பெற்றோருக்கு மார்க்கெட்பிளேஸ் சலுகை கிடைத்தது. நம் சமூகத்தில் பலர் அதை நம்பியே பெற்றோரை அழைத்து வந்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டு பேர் குடும்பத்துக்கு இந்த ஆண்டுக் கணக்கில் அந்தக் கோடு 21,150 டாலர். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடாதீர்கள்.

விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வருகிறார்கள். அவர்களுக்கு?

மார்க்கெட்பிளேஸ் இங்கே குடியிருப்பவர்களுக்கானது. அவர்களுக்கு டிராவல் இன்ஷூரன்ஸ்தான். அது பெரும்பாலும் பழைய நோய்களைக் கழித்துவிடும். அது முடிவதும் மார்க்கெட்பிளேஸ் கதவைத் திறக்காது.

கல்யாணம் சென்னையில் ஜனவரியில். மனைவி எச்4 கிடைத்து மேயில்தான் வருகிறார்.

கம்பெனித் திட்டத்தில் நாள் கணக்கு கல்யாணத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். சில கம்பெனிகள் வந்திறங்கிய தேதியை ஏற்கும், எல்லாரும் அல்ல. முகூர்த்தம் முடிந்த வாரமே ஹெச்.ஆருக்கு எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மார்க்கெட்பிளேஸில் இந்தக் கவலை இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்ததே தனிக் காரணம்.

இருவரும் இங்கேயே இருந்து கல்யாணம் செய்துகொண்டால், மார்க்கெட்பிளேஸில் நுழைய, அதற்கு முந்தைய 60 நாளில் ஒருவருக்காவது ஒரு நாளாவது இன்ஷூரன்ஸ் இருந்திருக்க வேண்டும்.

டல்லஸிலிருந்து நியூஜெர்சிக்கு வீடு மாறுகிறோம். திட்டம் தானாக மாறுமா?

மாறாது. டெக்சஸ் மத்தியத் தளத்தில் இருக்கிறது, நியூஜெர்சிக்குச் சொந்தத் தளம் இருக்கிறது. புதிய இடத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழையதை நீங்களே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் வங்கியிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும். வீடு மாறுவதற்கு முந்தைய 60 நாளில் ஒரு நாளாவது கவரேஜ் இருந்திருக்க வேண்டும் என்பது இங்கும் நிபந்தனை. சிகிச்சைக்காக மட்டும் அக்கா வீட்டில் வந்து தங்குவது, விடுமுறைக்குப் போவது இதெல்லாம் இடமாற்றம் ஆகாது.

எங்கள் டாக்டர் நெட்வொர்க்கிலிருந்து, அதாவது திட்டம் ஏற்கும் டாக்டர் பட்டியலிலிருந்து, விலகிவிட்டார். மாறலாமா?

முடியாது. எனக்கும் இது அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் விதி அப்படி.

ஸ்பெஷல் என்ரோல்மென்ட் கிடைத்தால் எந்தத் திட்டத்துக்கு வேண்டுமானாலும் தாவலாமா?

புதிதாகச் சேர்பவர் தாவலாம். ஏற்கெனவே மார்க்கெட்பிளேஸில் இருப்பவருக்கு, பெரும்பாலான காரணங்களில், அதே தரத்துக்குள்தான் மாற்றம் (திட்டங்களுக்கு புரோன்ஸ், சில்வர், கோல்டு என்று தரம் பிரித்திருக்கிறார்கள்): புரோன்ஸில் இருந்தால் வேறொரு புரோன்ஸ், சில்வரில் இருந்தால் வேறொரு சில்வர். நோய் வந்ததும் கோல்டுக்கு ஏறிக்கொள்வதைத் தடுக்கத்தான். மாநிலத் தளங்களில் இது மாறலாம்.

தாவும் முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி மாறினால் டிடக்டிபிள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். மே மாதம் முழங்கால் அறுவைக்காக 4,000 டாலர் கட்டி முடித்தவர், மாதம் 90 டாலர் மிச்சம் என்று ஜூலையில் மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத மிச்சம் 540 டாலர். பிசியோதெரபி தொடங்கியதும் மறுபடி 4,000க்கு முதல் டாலரிலிருந்து கட்ட வேண்டும். ஆண்டுக்கான கைச்செலவு உச்சவரம்பும், 2026இல் ஒருவருக்கு அதிகபட்சம் 10,600 டாலர், புதிதாகத்தான் எண்ணப்படும். ஒரே கம்பெனிக்குள் ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் சிலர் பழைய கணக்கைத் தொடர்வார்கள். கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அதே பேப்பரில் டாக்டர்கள் பெயரையும் மாத்திரைகள் பெயரையும் எழுதுங்கள். இணையத்தில் இருக்கும் டாக்டர் பட்டியல் பழையதாக இருப்பது சகஜம். டாக்டர் அலுவலகத்துக்கே போன் போட்டு, கம்பெனி பெயரை மட்டும் சொல்லாமல் திட்டத்தின் முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

மகளுக்கு 26 வயதாகிறது.

உங்கள் கம்பெனித் திட்டத்தில் பிறந்தநாளோடோ அந்த மாதக் கடைசியோடோ அவள் வெளியேறுவாள். ஹெல்த்கேர்.கவ் திட்டமாக இருந்தால் அந்த டிசம்பர் 31 வரை இருக்கலாம். இரண்டுக்கும் அவளுக்குத் தனியாக 60 நாள் உண்டு.

என்ன சான்று கேட்பார்கள்?

கவரேஜ் முடிந்த கடிதம், பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, பாஸ்போர்ட் முத்திரை, வாடகை ஒப்பந்தம் என்று காரணத்துக்கேற்ப. மத்தியத் தளம் சான்று கேட்டால், திட்டத்தைத் தேர்ந்தெடுத்த 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முதல் மாதப் பிரீமியம் கட்டாமல் எதுவும் தொடங்காது. "சேர்ந்தாயிற்று" என்று திரையில் வந்ததை நம்பி விட்டவர்கள் உண்டு. உதவி எண் 1-800-318-2596. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டால் இலவசம்.

சலுகையைப் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள் என்கிறார்களே?

சொல்வார்கள். நடு ஆண்டில் மாறுகிறவர்கள்தான் இதில் அதிகம் சிக்குவார்கள், ஏனென்றால் வருமானத்தைக் குத்துமதிப்பாகப் போடுகிறோம். ஜூனில் வேலையில்லை என்பதால் வருமானம் பூஜ்யம் என்று எழுதக் கூடாது. ஜனவரி முதல் வாங்கிய சம்பளம், செவரன்ஸ் (வேலையை விட்டு அனுப்பும்போது தரும் தொகை), புது வேலையில் வரப்போகும் சம்பளம் எல்லாம் சேரும். புது வேலை கிடைத்த நாளே தளத்தில் மாற்றுங்கள்.

முன்பு திருப்பிக் கட்டும் தொகைக்கு வருமானத்தைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026ஆம் வரி ஆண்டிலிருந்து அது இல்லை. அதிகமாக வாங்கியதை முழுதாகக் கட்ட வேண்டும். 2021இல் வந்த கூடுதல் சலுகையும் 2025 முடிவு வரைக்கும்தான் எழுதப்பட்டிருந்தது. பழைய விதிப்படி வறுமைக் கோட்டின் நான்கு மடங்கைத் தாண்டினால், அதாவது இந்த ஆண்டு நால்வர் குடும்பத்துக்கு 1,28,600 டாலர், சலுகை சுத்தமாக இல்லை. ஒரு டாலர் தாண்டினாலும் அதே.

ஒருவர் போன் செய்து "இலவசமாக மாற்றித் தருகிறேன்" என்கிறார்.

வைத்துவிடுங்கள். சம்மதமே இல்லாமல் ஆட்களைத் திட்டம் விட்டுத் திட்டம் மாற்றிக் கமிஷன் பார்த்த ஏஜென்ட்கள் மேல் புகார்கள் குவிந்து, 2024 ஜூலையில் மத்திய அரசு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: உங்கள் கணக்கோடு ஏற்கெனவே இணைக்கப்படாத ஏஜென்ட் எதையாவது மாற்ற வேண்டுமானால், உங்களையும் சேர்த்து மூவர் பேசும் அழைப்பில் மார்க்கெட்பிளேஸோடு பேச வேண்டும். நல்ல ஏஜென்ட்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் நீங்களாகத் தேடிப் போனவராக இருக்கட்டும்.

நாள் தாண்டிவிட்டது. இப்போது என்ன செய்வது?

கம்பெனித் திட்டத்தின் 30 நாள் போயிருந்தால் மார்க்கெட்பிளேஸின் 60 இன்னும் பாக்கி இருக்கிறதா பாருங்கள். மெடிகெய்டையோ குழந்தைகளுக்கான சிப்பையோ இழந்தவர்களுக்கு மத்தியத் தளத்தில் 90 நாள். குழந்தைகளுக்கு வருமானத் தகுதி இருந்தால் சிப்பில் எந்த மாதமும் சேர்க்கலாம். வேறு எந்தக் காரணமாவது அண்மையில் நடந்திருக்கிறதா என்றும் யோசியுங்கள். வீடு மாறியதை ஒரு காரணம் என்றே நினைக்காமல் விட்டவர் ஒருவர் எனக்குத் தெரியும்.

எதுவும் இல்லையென்றால், வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையங்கள் பெரும்பாலான ஊர்களில் உண்டு. ஷார்ட் டெர்ம் திட்டம் (குறுகிய காலத்துக்கானது, மேலே சொன்ன 2010 சட்டத்தின் விதிகளுக்குள் வராதது) விற்பவர்கள் வருவார்கள். அது பழைய நோயை ஏற்காது, அது முடிந்தாலும் மார்க்கெட்பிளேஸ் கதவு திறக்காது. கலிஃபோர்னியா, நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டி.சி. ஆகிய இடங்களில் இன்ஷூரன்ஸ் இல்லாத மாதங்களுக்கு மாநில வரியில் அபராதம் வரலாம். அடுத்த கதவு நவம்பர் 1. 2027ஆம் ஆண்டுத் திட்டங்களுக்கு மத்தியத் தளம் அதை ஜனவரி நடுப்பகுதி வரை நீட்டாது. டிசம்பர் 15உடன் மூடிவிடும்.